ஃபார்மட் அடிக்கும் முன் ஒரு டீ

"ராத்திரி எட்டு மணிக்கு ரூம் எடுத்தவருக்கு நாளைத் தேதியிலே பில் அடிச்சிருக்கு தம்பி. இருபத்துநாலு மணி நேர வாடகைன்னு சொன்னா, அவரு பில்லைக் காட்டி, நாளை மறுநாள் ஒன்றரை மணி வரைக்கும் இருப்பேங்காரு."

ஐந்தருவி போகும் வழியில் சிறிய லாட்ஜ் வைத்திருக்கும் அண்ணாச்சி இதைச் சொன்னபோது, நாங்கள் இலஞ்சி பக்கத்து டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். ஆனி மாதக் கடைசி. சாரல் தகரக் கூரையில் தூவிக்கொண்டிருந்தது. மத்தியானத்துக்குப் பிறகு அடித்த காற்றில் எங்கோ கேபிள் அறுந்து, அவர் தெருவுக்கே நெட் இல்லை. சீசன் நேரம், வாசலில் ஆள் நிற்கிறது. அவர் முகத்தில் பதற்றம்.

"ஓஎஸ் போயிட்டு போல. ஃபார்மட் அடிச்சிரலாமா?"

இந்தக் கேள்வியைத்தான் நான் அதிகம் கேட்கிறேன். தென்காசி, செங்கோட்டை, கடையநல்லூர், எங்கே போனாலும் கம்ப்யூட்டருக்குக் காய்ச்சல் வந்தால் நம் ஊரில் சொல்லப்படும் முதல் மருந்து அதுதான். நான் சொல்வது இதற்கு நேர்மாறு: ஃபார்மட் என்பது கடைசி மருந்து. அதுவும் லினக்ஸ் போட்ட கம்ப்யூட்டரில், தனக்கு என்ன வலி என்பதை அந்தப் பெட்டியே எழுதி வைத்திருக்கும். எழுதியதை நாம் படிப்பதில்லை, அவ்வளவுதான்.

அண்ணாச்சியின் பெட்டி பத்து வருடப் பழசு. 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10-க்கான பாதுகாப்பு அப்டேட்டுகள் பொதுவாக நின்றன. அடுத்த பதிப்பு அந்தப் பழைய பிராசஸரை ஏற்காது. தூக்கிப்போட மனமில்லாமல் அவர் மருமகன் லினக்ஸ் மின்ட் போட்டுக் கொடுத்தார். ஆனால் பழைய கணக்குகள் ஒரு விண்டோஸ் மென்பொருளில் மாட்டிக்கொண்டதால் அதையும் விட்டுவைத்தார். ஆக ஒரே பெட்டியில் இரண்டு குடித்தனம்.

டீ வரும் வரை மூன்று விஷயம் கேட்டேன். எப்போதிலிருந்து இப்படி? அதற்குக் கொஞ்சம் முன்னால் என்ன செய்தீர்கள்? தொந்தரவு எப்போதும் இருக்கிறதா, சில நேரம் மட்டுமா? மத்தியானம் பழைய கணக்குப் பார்க்க விண்டோஸைத் திறந்தாராம். சாயங்காலம் மறுபடி லினக்ஸுக்கு வந்தாராம். அதிலிருந்துதான். விடை அவர் வாயிலேயே வந்துவிட்டது.

கம்ப்யூட்டரின் மதர்போர்டில், நாணயம் மாதிரி ஒரு பேட்டரி தரும் மின்சாரத்தில் ஓடும் சின்னக் கடிகாரம் ஒன்று உண்டு. கரண்ட் இல்லாத நேரத்திலும் அதுதான் நேரத்தைக் காக்கிறது. அந்தக் கடிகாரத்தில் நம் ஊர் நேரத்தை வைப்பது விண்டோஸின் வழக்கம். உலகப் பொதுநேரத்தை வைத்து, திரையில் காட்டும்போது மட்டும் நம் ஊர் நேரமாக மாற்றிக்கொள்வது லினக்ஸின் வழக்கம். இந்திய நேரம் பொதுநேரத்தைவிட ஐந்தரை மணி முந்தியது. மத்தியானம், நெட் இருந்தபோது, விண்டோஸ் தன் முறைப்படி ஊர் நேரத்தை எழுதிவைத்துவிட்டுப் போனது. சாயங்காலம் வந்த லினக்ஸ் அதையே பொதுநேரம் என்று எண்ணி இன்னொரு ஐந்தரை மணியைக் கூட்டியது. ராத்திரி எட்டு, மறுநாள் அதிகாலை ஒன்றரை ஆகிவிட்டது. மாலை ஆறரை தாண்டினால் எல்லா பில்லிலும் நாளைத் தேதிதான் விழும்.

மற்ற நாட்களில் இது ஏன் கண்ணில் படவில்லை? நெட் இருந்தால் லினக்ஸ் தானே சரியான நேரத்தைக் கேட்டுத் தெரிந்து திருத்திக்கொள்ளும். காற்று நெட்டை அறுத்ததால்தான் உள்ளே இருந்த பிழை வெளியே வந்தது. இந்த ஊரில் பல கோளாறுகள் ஆனி, ஆடியில் மட்டும் தலைகாட்டுவதற்கு இப்படி ஒரு காரணம் இருக்கும்.

டீ குடித்துவிட்டு லாட்ஜுக்குப் போனோம். டெர்மினலைத் திறந்து 'டைம்டேட்சிடிஎல்' என்று ஆங்கில எழுத்தில் அடிக்கச் சொன்னேன். ஊர் நேரம், பொதுநேரம், மதர்போர்டு நேரம் என்று அடுத்தடுத்து வரிகள் வந்தன. சுவர்க் கடிகாரத்தில் மணி ஒன்பதே கால். கடைசியில் இருந்த மதர்போர்டு நேரமும் ஒன்பதே கால். பொதுநேரம் இருக்க வேண்டிய இடத்தில் ஊர் நேரம் உட்கார்ந்திருக்கிறது. அண்ணாச்சி தானே விரல் வைத்துக் காட்டினார். பெட்டிக்குள் இருக்கும் எந்த ஓஎஸும் போகவில்லை. மதர்போர்டில் ஊர் நேரம்தான் இருக்கிறது என்று லினக்ஸிடம் சொல்ல ஒரு வரிக் கட்டளை உண்டு. விண்டோஸைப் பொதுநேரத்துக்கு மாற்றுவது இன்னும் சுத்தமான வழி, ஏனென்றால் முதல் வழியைக் கையாளும்போது லினக்ஸே ஒரு எச்சரிக்கை தரும். நாங்கள் இரண்டாவதைச் செய்தோம். பத்து நிமிடம் ஆனது. ஃபார்மட் அடித்திருந்தால் பழைய கணக்கும் போயிருக்கும். பிறகு மறுபடி இரண்டையும் போட்டால் இதே ஐந்தரை மணி மறுபடி வந்திருக்கும்.

கடிகாரம் ஐந்தரை மணி தப்பாமல், மாதக்கணக்கில் பின்னால் போய் நின்றால் அது வேறு நோய். அந்த நாணயப் பேட்டரி தீர்ந்திருக்கும். தேதி தப்பாக இருந்தால் வங்கித் தளம்கூடத் திறக்காது. அந்தத் தளத்தின் அடையாளச் சான்று இன்னும் செல்லுபடியாகும் நாள் வரவில்லை என்று பிரவுசர் மறுத்துவிடும். நெட் கோளாறு என்று நாம் ரூட்டரை அணைத்து அணைத்துப் போட்டுக்கொண்டிருப்போம். எந்த இணையக் கோளாறிலும் முதலில் திரை மூலையில் இருக்கும் தேதியைப் பாருங்கள்.

லினக்ஸ் நம் வீடுகளுக்குப் புதிதாக வந்ததல்ல. 2011-இல் தமிழக அரசு விலையில்லா மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியபோது, அவற்றில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. சென்னையில் உள்ள சி-டாக் மையம் டெபியனை அடித்தளமாக வைத்து உருவாக்கியது அது. அந்த மடிக்கணினிகளை வாங்கிய எங்கள் பக்கத்துப் பிள்ளைகளில் பலர் முதல் வாரமே அந்தப் பகுதியை அழித்துவிட்டார்கள். சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. இங்கிருந்து செங்கோட்டை வழியாக ஆரியங்காவு கணவாயைத் தாண்டினால் கேரளம். அங்கே அரசுப் பள்ளிகளில் கைட் நிறுவனம் தரும் லினக்ஸில்தான் பிள்ளைகள் கணினி படிக்கிறார்கள், ஆசிரியர்களுக்கும் அதில் பயிற்சி உண்டு. மலைக்கு இந்தப் பக்கமும் பிள்ளைகள் அதே பிள்ளைகள்தான். பக்கத்தில் உட்கார்ந்து பத்து நிமிடம் விளக்க ஒருவர் இருந்தாரா இல்லையா என்பதில்தான் வித்தியாசம். அந்தக் குறை எனக்கு இன்றும் வலிக்கிறது. அதனால்தான் யார் கேட்டாலும் டீயோடு உட்கார்ந்துவிடுகிறேன்.

அடுத்தது கரண்ட் கட். தென்மேற்குப் பருவத்தில் செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் காற்றில் மரக்கிளை ஒயரில் விழுவது வழக்கம். யூபிஎஸ் இல்லாத டெஸ்க்டாப் பட்டென்று அணையும். கரண்ட் வந்ததும் போட்டால் வழக்கமான படம் வராமல் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து, கடைசியில் அடைப்புக்குறிக்குள் 'இனிட்ராம்எஃப்எஸ்' என்று நிற்கும். பார்த்தவுடன் எல்லாம் போச்சு என்றுதான் தோன்றும். போகவில்லை.

மளிகைக்கடைக் கணக்கை நினைத்துப் பாருங்கள். கடைக்காரர் முதலில் சிட்டையில் கிறுக்கி வைப்பார். ராத்திரி அதைப் பேரேட்டில் ஏற்றுவார். ஏற்றும்போது விளக்கு அணைந்தால் பேரேட்டில் ஒரு வரி பாதியில் நிற்கும். ஆனால் சிட்டை இருக்கிறது, அதைப் பார்த்து முடித்துவிடலாம். லினக்ஸில் பெரும்பாலும் பயன்படும் எக்ஸ்ட்4 கோப்பு முறையும் இப்படித்தான். எந்தக் கோப்பு வட்டில் எங்கே இருக்கிறது என்ற கணக்கை மாற்றும் முன் ஒரு சிட்டையில் எழுதிக்கொள்ளும். பல முறை கரண்ட் போய் வந்தாலும் அது தானே சிட்டையைப் படித்துச் சரிசெய்துவிடும், உங்களுக்குத் தெரியக்கூடச் செய்யாது. எப்போதாவது கணக்கு அதிகமாகக் குழம்பினால்தான் நின்று, மனிதர் யாராவது வந்து பார்க்கட்டும் என்று அந்தக் கறுப்புத் திரையைக் காட்டும்.

அங்கே 'எக்ஸிட்' என்று அடித்து என்டர் தட்டினால், எந்தப் பகுதியில் கோளாறு, என்ன செய்ய வேண்டும் என்பதை அதுவே பெரிய ஆங்கில எழுத்தில் சொல்லும்: எஃப்எஸ்சிகே என்ற சோதனையைக் கையால் ஓட்டு என்று. அந்த நான்கு எழுத்தை அடித்து, இடைவெளி விட்டு, திரை சொன்ன பகுதியின் பெயரை ஒரு கோடு, புள்ளி விடாமல் அடிக்க வேண்டும். ஒவ்வொரு திருத்தத்துக்கும் சம்மதம் கேட்கும். முடிந்ததும் 'ரீபூட்'. போன வருடம் ஆடியில் ஒரு தையல்கடைக்காரருக்குப் போனிலேயே ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லி இதைச் செய்ய வைத்தேன். அவர் வாடிக்கையாளர் அளவுகள் எல்லாம் அதில்தான் இருந்தன. கடைசியாகத் தட்டிக்கொண்டிருந்த ஒரு கோப்பைத் தவிர அனைத்தும் கிடைத்தன. சிட்டை காப்பாற்றுவது கணக்கை. சேமிக்காத கடைசி வரிகளை அது காப்பாற்றாது. ஓர் எச்சரிக்கை: திரையில் 'ஐ/ஓ எரர்' என்று திரும்பத் திரும்ப வந்தாலோ, வட்டிலிருந்து டிக் டிக் என்று சத்தம் கேட்டாலோ சோதனையெல்லாம் வேண்டாம். வட்டே சாகப்போகிறது. முதலில் கோப்புகளை நகலெடுங்கள்.

அப்டேட் ஓடும்போது கரண்ட் போவதும் உண்டு. அடுத்த முறை எதை நிறுவினாலும் மறுக்கும். மறுக்கும்போதே, பாதியில் நின்றுவிட்டது, இந்தக் கட்டளையைக் கொடு என்று மேற்கோள் குறிக்குள் முழுக் கட்டளையையும் எழுதிக் காட்டும். அதை அப்படியே அடித்தால் போதும். இவ்வளவு தெளிவாகச் சொல்லும் பெட்டியை வைத்துக்கொண்டு அதன் சொல்லைப் படிக்காமல் மூடுகிறோம் என்பது எனக்கு உண்மையிலேயே ஆற்றாமையாக இருக்கிறது. ஆங்கிலம் என்று தயங்க வேண்டாம். போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள், வீட்டில் படிக்கும் பிள்ளை வாசித்துச் சொல்லும். 'சிஸ்டம் ஓடல' என்று என்னிடம் சொல்வதைவிட அந்த ஒரு படம் நூறு மடங்கு உதவும்.

இதே வகையில் இன்னொன்று, 'லாக்' கிடைக்கவில்லை என்று வரும் செய்தி. பின்னணியில் தானியங்கி அப்டேட் ஓடிக்கொண்டிருக்கிறது, அவ்வளவே. பூட்டுக் கோப்பை அழித்துவிடு என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். இன்னொரு டீ குடித்துவிட்டு வாருங்கள்.

பாஸ்வேர்டு சரியாக அடித்தும் உள்ளே போகாமல் திரை ஒரு முறை கண்சிமிட்டி மறுபடி அதே இடத்தில் வந்து நின்றால், பாதி நேரம் வட்டு நிரம்பியிருக்கும். உள்ளே நுழையும்போது எழுத வேண்டிய சிறு கோப்புகளுக்குக்கூட இடம் இருக்காது. கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். வெறும் எழுத்துத் திரை வரும், அங்கே பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்து நுழையலாம். டி, எஃப் இரண்டெழுத்து, ஓர் இடைவெளி, ஒரு சின்னக் கோடு, எச். இதை அடித்தால் எந்தப் பகுதி எத்தனை சதவீதம் நிரம்பியது என்று பட்டியல் வரும். வெறும் சாய்கோடு மட்டும் போட்ட மூலப்பகுதிக்கு நேரே நூறு என்று இருந்தால் பிடிபட்டுவிட்டது. குப்பைத்தொட்டியில் போட்டு மறந்த கல்யாண வீடியோக்களை நீக்கினாலே பல வீட்டில் சரியாகிவிடும்.

பாஸ்வேர்டு தப்பு என்றே திரை சொன்னால் அதற்குக் காரணம் வேறு. நம் ஊரில் அடிக்கடி நடப்பது, கீபோர்டு தமிழ்99-இல் நிற்பது. பாஸ்வேர்டுக் கட்டத்தில் வெறும் புள்ளிகள்தான் தெரியும் என்பதால் தமிழ் எழுத்து விழுவது கண்ணுக்குத் தெரியாது. நுழைவுத் திரையின் மூலையில் மொழிக் குறியைப் பாருங்கள். டெர்மினலில் நிர்வாகி உரிமைக்கான 'சூடோ' கட்டளை பாஸ்வேர்டு கேட்கும்போது சில லினக்ஸ் வகைகளில் அந்தப் புள்ளிகூட விழாது. கீபோர்டு கெட்டுவிட்டது என்று புதுக் கீபோர்டு வாங்கியவர் ஒருவரை எனக்குத் தெரியும். எதுவும் தெரியாவிட்டாலும் பாஸ்வேர்டைச் சரியாக அடித்து என்டர் தட்டினால் போதும்.

தமிழ் தெரியவில்லை என்பார்கள். எப்படித் தெரியவில்லை என்று கேட்பேன். கட்டம் கட்டமாகத் தெரிந்தால் தமிழ் எழுத்துரு இல்லை, லோஹித் தமிழோ நோட்டோவோ நிறுவினால் சரி. கட்டமாக இல்லாமல் பொருளில்லாத ஆங்கில எழுத்தும் குறியுமாகத் தெரிந்தால், அந்தக் கோப்பு பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்தது. ஒருங்குறிக்கு முந்தைய முறை அது. 2010-இலேயே தமிழக அரசு ஒருங்குறியை ஏற்றுக்கொண்டது. இருந்தும் டிடிபி கடைகளில் பழைய பழக்கம் போகவில்லை. எத்தனை எழுத்துரு நிறுவினாலும் அந்தக் கோப்பு ஒருங்குறியாகாது, மாற்றி மென்பொருளில் போட்டு எடுக்க வேண்டும். பார்ப்பதற்கு ஒன்று போலத் தெரியும் இரண்டு நோய், இரண்டு மருந்து.

வைஃபை பற்றி ஒன்றே ஒன்று. பழைய மடிக்கணினியில் லினக்ஸ் போட்டதும் வைஃபை வரவில்லை என்றால் பெரும்பாலும் டிரைவர் இல்லை. டிரைவரை இறக்க நெட் வேண்டும், நெட்டுக்கு டிரைவர் வேண்டும் என்று தவிப்பார்கள். ஆண்ட்ராய்டு போனை யூஎஸ்பி ஒயரில் மாட்டி, போனில் யூஎஸ்பி டெதரிங்கைப் போடுங்கள். பெரும்பாலும் லினக்ஸ் அதை உடனே ஒயர் இணைப்பாக எடுத்துக்கொள்ளும்.

நேற்று வரை ஓடியது, அப்டேட் போட்ட பிறகு திரை இருட்டு, சத்தம் இல்லை, வைஃபை இல்லை என்றால் பழைய கெர்னல் இன்னும் உள்ளேயே இருக்கிறது என்பதை நினைவில் வையுங்கள். உபுண்டு, மின்ட் இரண்டும் முந்தைய ஒன்றையாவது விட்டுவைக்கும். கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போது வரும் பட்டியலில் 'அட்வான்ஸ்ட் ஆப்ஷன்ஸ்' போய், முந்தைய எண்ணைத் தேர்ந்தெடுத்து வேலையைத் தொடரலாம். இது தெரியாமல் எத்தனை பேர் ஃபார்மட்டுக்குக் காசு கொடுத்திருக்கிறார்கள்!

இவை எதிலும் அடங்காத கோளாறுக்கு, பெட்டியே எழுதி வைக்கும் நாட்குறிப்பு இருக்கிறது. 'ஜர்னல்சிடிஎல்' என்று அடித்தால், எந்த நொடியில் எந்த உறுப்பு என்ன சொன்னது என்று வரிவரியாக வரும். சிவப்பு வரியைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், நல்ல ஆரோக்கியமான பெட்டியிலும் நாலைந்து சிவப்பு வரி இருக்கும். தொந்தரவு நடந்த நேரத்தைக் குறித்து வைத்து, அந்த நிமிடத்தின் வரிகளை மட்டும் படியுங்கள். திருத்தும்போது ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். ஐந்தைச் சேர்த்து மாற்றிச் சரியானால், எது சரிசெய்தது என்று தெரியாது. மறுபடி வந்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். அண்ணாச்சி இப்போது லாட்ஜ் பதிவேட்டுக்குப் பக்கத்திலேயே நாற்பது பக்க நோட்டு ஒன்று வைத்திருக்கிறார். தேதி, என்ன கோளாறு, என்ன செய்தது, மூன்று பத்தி. முதல் வரி அந்த ஐந்தரை மணிதான்.

உங்கள் வீட்டுப் பரணிலும் அந்த விலையில்லா மடிக்கணினி தூங்கிக்கொண்டிருக்கலாம். இறக்குங்கள். பேட்டரி உப்பியிருந்தால் சார்ஜ் போடாமல் கழற்றி வைத்துவிடுங்கள். உப்பவில்லை என்றால், எட்டு ஜிபி பென் டிரைவ் ஒன்றில் எடை குறைந்த லினக்ஸ் வகை ஒன்றை ஏற்றி, வட்டைத் தொடாமல் பென் டிரைவிலிருந்தே ஓட்டிப் பாருங்கள். உள்ளே பழைய படங்களும் பிள்ளைகள் எழுதிய ப்ராஜெக்டும் இருந்தால் அப்போதே நகலெடுத்து வைத்துவிடுங்கள். அதே பென் டிரைவ், நாளைக்கு டெஸ்க்டாப் எழும்பாத நாளில் அதன் கோப்புகளை எடுக்கவும் உதவும். ஆடிக் காற்று வரும் முன் செய்துவிடுங்கள்.